ஸ்கீ சப்பாத்தும் என் இரண்டாம் விரலும்

குளிரைத் திட்டுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்த ஏழு வருடமும் அதை ஒழுங்காகச் செய்தேன். பஸ் தரிப்பிடத்தில் நின்று திட்டினேன், தொலைபேசியில் திட்டினேன், கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதும் திட்டினேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம், மோர்னிங்சைட் பக்கம் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா. சாப்பாட்டுக்குக் காத்து நின்ற பெண்கள் வழக்கம்போலத் தொடங்கினார்கள். "என்ன குளிரப்பா" என்றார் ஒருவர். "போன வருசம் உப்பிடி இல்லை" என்றார் அடுத்தவர். என் முறை வந்ததும் நானும் "எலும்பெல்லாம் விறைக்குது" என்றேன். போன வருடமும் அதே மண்டபத்தில் கையில் தட்டோடு நின்று அதே வசனத்தைத்தான் சொல்லியிருந்தேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு என்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

அப்போது நான் பல் வைத்தியக் காப்புறுதிப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்தேன். என் மேற்பார்வையாளர் அறுபதை நெருங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண். குளிர்காலத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூக்கு நுனி வெயிலில் கறுத்து, சிரித்த முகத்தோடு வருவார். சனி ஞாயிறு முழுக்கக் காலில் நீளப் பலகை பூட்டி, பனி மலையில் சறுக்கி ஸ்கீ ஓடிவிட்டு வந்திருப்பார். வெள்ளிக்கிழமை பனி கொட்டினால் நாங்கள் தலையில் கை வைப்போம், அவர் கை தட்டுவார். அவருக்கு மூட்டு வலி, இரத்த அழுத்தம் எல்லாம் இருந்தது. எனக்கு முப்பத்தொரு வயது, ஒரு நோயும் இல்லை. ஆனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நான்தான் நோயாளிபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

விழா முடிந்த அடுத்த வாரமே, நகரத்துக்கு வடக்கே ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருந்த சிறிய ஸ்கீ மலையொன்றில் ஆறு சனிக்கிழமை வகுப்புக்குப் பதிந்துவிட்டேன். பதிந்த பிறகுதான் கணவருக்குச் சொன்னேன்.

"உமக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?" என்றார். "சறுக்கி விழாமல் இருக்கத்தானே ஊர்ச்சனமெல்லாம் றோட்டிலை உப்புப் போடுது. நீர் காசு குடுத்துச் சறுக்கப் போறீரே?"

இப்படிச் சொன்னாலும் அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்று எனக்குத் தெரியும். பனி நாளில் நெடுஞ்சாலையில் நான் கார் ஓட்டுவதைவிட, என்னோடு வந்து நாள் முழுக்கக் காத்திருப்பது அவருக்கு நிம்மதி.

முதல் வகுப்பில் எங்கள் ஆசிரியை, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், விதியைச் சொன்னார். அடிவாரத்தில் சிறுபிள்ளைகள் பழகும் சரிவு ஒன்று இருந்தது. அதில் நன்றாகத் திரும்பவும் நிற்கவும் தெரிந்தவர்களைத்தான் கம்பியில் ஓடும் தொங்கு நாற்காலியில் ஏற்றி மேலே அனுப்புவார்களாம். ஆறாவது சனிக்கிழமைக்குள் அது வராதவர்களுக்கு, அடுத்த வருடம் பார்க்கலாம். நான் அண்ணாந்து பார்த்தேன். நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. அதில் ஏற வேண்டும், மேலிருந்து என் சொந்தக் காலில் இறங்கி வர வேண்டும். இந்த நாட்டில் எனக்கு ஒரே ஒரு குளிர்காலமாவது வேண்டும் என்று அந்த இடத்தில் நின்று பிடிவாதமாக நினைத்தேன். அடுத்த வருடம் என்ற ஒன்று வராது என்பதும் தெரியும். அடுத்த வருடம் நான் மறுபடி தட்டோடு நின்று எலும்பு விறைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

ஆனால் கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. ஸ்கீ சப்பாத்தைக் காணாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெளியே கல்லுப்போன்ற பிளாஸ்டிக் கூடு, உள்ளே மெத்தை, முன்பக்கத்தில் நாலு இரும்புக் கொக்கி. அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் யாரும் கம்பீரமாக இருக்க முடியாது. வாடகைக்கு எடுத்த சப்பாத்துக்குள் என் கால்விரல்கள் ஒன்றையொன்று கொலை செய்துகொண்டிருந்தன. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொக்கி பூட்டினார்கள். சரி, வலி இந்த விளையாட்டோடு சேர்ந்தே வருவது போல என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் ஆசிரியை என் நடையைப் பார்த்துவிட்டு, "உனக்கென்று அளவான சப்பாத்து ஒன்று வாங்கு. ஸ்கீயை விட அதுதான் முக்கியம்" என்றார்.

அவர் சொன்ன கடையில் சப்பாத்துப் பொருத்துவதற்கென்றே ஒருவர் இருந்தார். வயதானவர். தலை முழுக்க வெள்ளை, காதுக்குப் பின்னால் பென்சில். என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, தான் எனக்கு முன்னால் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்தார். அடுத்த கணம் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

என் அப்பாவுக்கு இருந்திருக்கக்கூடிய வயது அந்த மனிதருக்கு. தவறிக் கால் ஒரு புத்தகத்தில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் நாங்கள். என் பாதம் ஒரு பெரியவரின் மடியில் கிடக்கிறது. கை தன்பாட்டில் போய் அவருடைய முழங்காலைத் தொட்டு என் கண்ணில் ஒற்றியது. அவர் திடுக்கிட்டு, "வலிக்கிறதா?" என்றார்.

"இல்லை, இல்லை. மிகவும் நன்றாக இருக்கிறது."

"இன்னும் ஒன்றுமே போடவில்லையே."

அதற்குப் பிறகு அவர் எதைப் போட்டாலும் நான் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். காலைத் தூக்கி மடியில் வைப்பதற்கு அவர் கையை நீட்டும்போதெல்லாம் என் உடம்பு கூசியது. விரல் நுனி முன்னால் முட்டுகிறதா? நன்றாக இருக்கிறது. குதிக்கால் மேலே எழும்புகிறதா? நன்றாக இருக்கிறது. ஒரு மெல்லிய காலுறைதான் போட வேண்டும், நீ இரண்டு தடித்த காலுறை போட்டிருக்கிறாய், கழற்றுகிறாயா? வேண்டாம், நன்றாக இருக்கிறது. அவருக்கு என்மேல் சந்தேகம் வந்தது முகத்தில் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். மரியாதை கொடுக்கப் போய் ஒருத்தி தன் காலையே பலி கொடுத்தது அந்தக் கடைச் சரித்திரத்தில் முதல் தடவையாக இருக்கும்.

இரண்டாம் சனி, மூன்றாம் சனி, அதே வலி. இரண்டாவது திருப்பத்திலேயே கண்ணில் நீர் வந்தது. காற்று என்று ஆசிரியைக்குப் பொய் சொன்னேன். மறுபடி கடைக்குப் போய்ப் பெரிய அளவு கேட்டேன். "பெரிதாக எடுப்பது பிழை" என்றார் அந்தப் பெரியவர். நான் கேட்கவில்லை. எங்களுக்குச் சப்பாத்து கடித்தால் பெரிய சப்பாத்து, இது உலகம் அறிந்த விஷயம், இவர் என்ன புதிதாகச் சொல்வது என்று மாற்றிக்கொண்டு வந்தேன்.

பெரிய சப்பாத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் கால் உள்ளே நீந்தியது. நான் இடது பக்கம் திரும்புவேன், சப்பாத்து யோசிக்கும், ஸ்கீ நேரே போகும். நாலாம் சனிக்கிழமை வேலியோடு போய் நின்றேன். ஐந்தாம் சனிக்கிழமை ஒரு நாலு வயதுப் பிள்ளை என்னைச் சுற்றிக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து "சொறி" என்று மன்னிப்புக் கேட்டது. எங்கள் வகுப்பில் ஏழு பேர். மற்ற ஆறு பேரும் அன்றைக்கே தொங்கு நாற்காலியில் ஏறிவிட்டார்கள். கீழே நான் மட்டும். எனக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை காற்று என்று பொய் சொல்லக்கூட யாரும் பக்கத்தில் இல்லை.

புதன்கிழமை வேலை முடிந்து நேரே கடைக்குப் போனேன். பெட்டியைத் தொப்பென்று வைத்துவிட்டு, "நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். ஒன்றும் நன்றாக இல்லை" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். "உட்கார். காலுறை இரண்டையும் கழற்று."

கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு காலை நானே தூக்கி அவர் மடியில் வைத்தேன். "அட கடவுளே, இது என்ன?" என்றார்.

என் இரண்டு கால்களிலும் பெருவிரலுக்குப் பக்கத்து விரலில் மெட்டி இருந்தது. கல்யாணத்தில் அம்மியில் காலைத் தூக்கி வைக்கச் சொல்லிப் போட்டுவிட்டது, மூன்று சுற்றுச் சுற்றிய தடித்த வெள்ளி. ஒன்பது வருடமாக அது அங்கேதான் இருக்கிறது. என் மூக்கு என் முகத்தில் இருப்பதை நான் எப்படி யோசிப்பதில்லையோ அப்படித்தான் இதையும் யோசிக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரை வலிக்கும் மெட்டிக்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவேயில்லை. வெள்ளிச் சுற்றின் இரண்டு பக்கத்திலும் விரல்கள் கன்றிச் சிவந்திருந்தன.

"கழற்றிவிடு, முடிந்தது விஷயம்" என்றார்.

"கழற்ற முடியாது."

"இறுகிவிட்டதா? என்னிடம் குறடு இருக்கிறது."

காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இது கல்யாணத்துக்கு அடையாளம், கணவர் இருக்கும்வரை கழற்றக்கூடாது என்று விளங்கப்படுத்தினேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு, கேலி இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு, "உன் கணவரும் காலில் போட்டிருக்கிறாரா?" என்றார்.

"இல்லை. அவருக்குக் கையில் மோதிரம்" என்று சொன்னேன். சொன்ன பிறகு யோசித்தேன். என் கணவர் பிக்கரிங் பக்கம் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தார். சேர்ந்த முதல் நாளே, மெசினில் மாட்டினால் விரல் போய்விடும் என்று மோதிரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அது ஆறு வருடமாக எங்கள் சமையலறையில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள், பழைய பூட்டுத் திறப்புகளோடும் பற்றரிகளோடும் கிடந்தது. அதைப் பற்றி எந்தச் சாத்திரமும் வாயைத் திறக்கவில்லை.

பெரியவர் வேறொரு சப்பாத்தைக் கொண்டுவந்து, அதன் உள்மெத்தையை வெளியே எடுத்து, என் வெறுங்காலை வெற்றுக் கூட்டுக்குள் விட்டு, பின்னால் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்தார். என் பாதம் முன்பக்கம் அகலம், குதிக்கால் ஒடுக்கம். கூட்டைச் சூடாக்கி முன்பக்கத்தை விரித்துத் தந்தார். "வளையம் இல்லாவிட்டால் இதுதான் உன் அளவு. வளையத்தோடு உனக்குப் பொருந்துகிற சப்பாத்தை இன்னும் யாரும் செய்யவில்லை" என்றார். முதலில் வாங்கியதைவிட அது ஒரு அளவு சின்னது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் கோயிலுக்கு வந்தால் வாசலில் நின்று அரசியல் பேசுகிற ஆள். தேவாரம் இரண்டு வரிக்குமேல் தெரியாது. அப்படிப்பட்டவர் மெட்டி என்றதும் எழும்பி நின்றார்.

"மெட்டியைக் கழட்டுறதே? சனம் என்ன சொல்லும்?"

"குளிருக்கு அஞ்சு மாசமாச் சப்பாத்துக்கை கிடக்கிற காலை ஆர் வந்து பாக்கினம்?"

"அதுக்கில்லையப்பா. அது கழட்டிற சாமானில்லை."

"உங்கட மோதிரம் எங்கை?"

"அது வேலைத்தலச் சட்டம். மெசினிலை மாட்டினா விரல் போயிடும்."

"எனக்கும் விரல் போகுது. வந்து பாருங்கோ." காலைத் தூக்கி மேசையில் வைத்தேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை மறந்துபோகும்.

பார்த்தார். கன்றிய இடத்தை விரலால் மெல்லத் தொட்டார். பிறகு மெதுவாக, "எனக்குத் தெரியும், உது மூடக்கதை" என்றார். "ஆனா, பெம்பிளை மெட்டியைக் கழட்டினா புருசனுக்கு ஏதும் நடந்திடும் எண்டு சொல்லுவினம். சின்னனிலை கேட்டது. மனதிலை கிடக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. ஐந்து அடி பத்து அங்குல ஆள், பாரம் தூக்குகிற ஆள், உண்மையாகவே பயந்திருந்தார். நான் அவரிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். அவர் வேலையால் வருவதற்கு முன் குளியலறையில் சவர்க்காரம் போட்டு ஒரு மெட்டியை விரல் மூட்டுவரை கொண்டுவந்திருந்தேன். அதற்குமேல் கை போகவில்லை. திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன். அவர் செத்துப்போவார் என்று நான் நம்பவில்லை. ஆனால் நம்பாத ஒன்றுக்குப் பயப்படக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே. எனக்கு இந்த மனிதர் வேண்டும். அந்த மலையும் வேண்டும். இரண்டும் கேட்பது பேராசை என்று யாராவது சொன்னால் அவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்றிருந்தது.

வியாழனும் வெள்ளியும் மெட்டி காலிலேயே இருந்தது. சனிக்கிழமை வழிமுழுக்க வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டு போனோம்.

சப்பாத்து மாற்றுகிற மண்டபத்தில் உட்கார நீள வாங்குகள், ஈர இறப்பர்த் தரை, ஈரக் காலுறை நாற்றம். மெட்டியோடேயே புதுச் சப்பாத்துக்குள் காலை விட்டேன். முதல் கொக்கி பூட்டினேன். இரண்டாவது கொக்கியில் மூச்சு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதை இழுத்தபோது, பக்கத்தில் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்த கணவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போதும். கழட்டும்" என்றார்.

"சப்பாத்தையோ?"

"எல்லாத்தையும்."

உதட்டுக்குப் பூச வைத்திருந்த வஸ்லினை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அந்த ஈரத்தரையில் முழங்காலில் இருந்தார். கல்யாணத்தன்று ஐயர் சொல்லச் சொல்ல என் காலைப் பிடித்த மனிதர், ஒன்பது வருடம் கழித்து இப்போது யாரும் சொல்லாமலே பிடித்தார். வலது மெட்டி உடனே வந்தது. இடது மெட்டி அடம்பிடித்தது. வஸ்லின் பூசி, திருகி, மறுபடி பூசி, அவருக்கு வேர்த்துவிட்டது. எங்களைத் தாண்டிப் போன ஒரு குடும்பம் கொஞ்சம் விலகி நடந்தது. கடைசியில் அதுவும் வந்தது. இரண்டையும் ஜக்கெற்றின் உள்பையில் போட்டுச் சிப்பை இழுத்து, வெளியே கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். என் விரல்களில் வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. சட்டென்று காலுறையைப் போட்டு மூடினேன்.

ஒரே ஒரு மெல்லிய காலுறை. சப்பாத்து உள்ளே போனது. நாலு கொக்கியும் பூட்டினேன். குதிக்கால் இருந்த இடத்திலேயே இருந்தது. நிமிர்ந்தால் விரல் நுனி முன்னால் தட்டியது, முழங்காலை மடித்தால் பின்னுக்கு வந்தது. சரியான அளவு அப்படித்தான் இருக்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். சப்பாத்து காலைப் பிடித்திருந்தது, ஆனால் கடிக்கவில்லை.

சிறுபிள்ளைச் சரிவில் இடது பக்கம் நினைத்தேன், ஸ்கீ இடது பக்கம் போனது. நான் பெரிய கெட்டிக்காரியாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஆறு வாரத்தில் முதல் தடவையாக என் கால் சொன்னதைச் சப்பாத்து கேட்டது, அவ்வளவுதான். நாலு திருப்பம் திரும்பி நின்று காட்டினேன். ஆசிரியை என் சப்பாத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கையால் மேலே காட்டினார்.

நாற்காலி பின்னாலிருந்து வந்து முழங்காலில் இடித்து என்னை அள்ளிக்கொண்டு போனது. பாதி வழியில்தான் கீழே பார்க்கத் துணிவு வந்தது. கணவரைத் தேடினேன். மண்டப வாசலில் இல்லை, கார் நிறுத்துமிடத்தில் இல்லை. பனி வெளியின் நட்ட நடுவில் ஒரு கறுப்பு ஜக்கெற் தனியாக நின்றது. பக்கத்தில் மரம் இல்லை, கம்பம் இல்லை, தலைக்கு மேலே கம்பி இல்லை, கார் எதுவும் வர வழியில்லை. மனிதர் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து நின்றார். சாவு எந்தப் பக்கத்தால் வந்தாலும் தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று. நாற்காலியில் இருந்து தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்கும்போதே, அவர் நிற்கிறாரா என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்த்தேன்.

மேலே இறங்கியதும் முதல் வேலையாக விழுந்தேன். எழும்பினேன். வானம் நீலமாக, வெறும் நீலமாக இருந்தது. குளிர் கன்னத்தை அறைந்தது. முதல் தடவையாக அது எனக்கு நன்றாக இருந்தது. புறப்பட்டேன். ஒரு திருப்பம், இரண்டு, மூன்று, தொப். மறுபடி எழும்பி மூன்று, நாலு. நாலு தடவை விழுந்தேன் என்று நினைக்கிறேன், எண்ணுகிற நிலையில் இல்லை. கடைசிச் சரிவில் விழவில்லை. காற்று காதுக்குள் கத்த, நானும் என்னவோ கத்திக்கொண்டு, பனியைக் கிளப்பிக்கொண்டு போய் அந்தக் கறுப்பு ஜக்கெற்றுக்கு முன்னால் நின்றேன். சத்தியமாக நான்தான் நிறுத்தினேன்.

அவருடைய மூக்கு சிவந்து ஒழுகியது. ஒரு கை நெஞ்சுப் பையை அழுத்திப் பிடித்தபடி இருந்தது. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"உயிரோட இருக்கிறீரே?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

அவர் கையை எடுத்துக் கன்னத்தைத் தொட்டார், இரண்டு தோளையும் அசைத்துப் பார்த்தார், சுற்றிவர ஒருமுறை பார்த்தார்.

"இருக்கிறன் போலத்தான் கிடக்கு" என்றார்.

"அப்ப சரி. அங்கேயே நில்லுங்கோ. இன்னொருக்கா மேலை போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு நாற்காலி வரிசைக்குப் போனேன்.